சங்கம் வைக்க பாரிஸ் அனுமதி வேண்டுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்குக் கடலூர். புதுச்சேரி எல்லைக்குள் உள்ள ஒரு வெளிநாட்டு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஆபரேட்டராக வேலை பார்க்கிறேன். தலைமையகம் பிரான்ஸில். நிரந்தரத் தொழிலாளர்கள் 400 பேர். சங்கம் தொடங்க 60 பேர் கையெழுத்துப் போட்டோம். விஷயம் கசிந்ததும் ஹெச்.ஆர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "எங்கள் குளோபல் பாலிசியில் சங்கம் கிடையாது, ஒர்க்கர்ஸ் கமிட்டி போதும்" என்கிறார். எந்தச் சங்கத்திலும் சேர மாட்டேன் என்று எழுதிய தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். முன்னால் நின்ற நண்பரைப் புனே பிளான்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். திடீரென்று 3,000 ரூபாய் சம்பள உயர்வும் அறிவித்திருக்கிறார்கள். வரும் திங்கள்கிழமை எல்லோரும் சேர்ந்து சி.எல். (தற்செயல் விடுப்பு) போடலாம் என்று பேச்சு. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் திங்கள்கிழமைத் திட்டத்தை நிறுத்துங்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சி.எல். போட்டால் அதுவே வேலைநிறுத்தம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் சட்டவிரோதம். 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ வரலாம். இதுவரை தவறு முழுக்க நிர்வாகத்தின் பக்கம் இருக்கிறது. அதை ஒரே நாளில் உங்கள் பக்கம் திருப்பிவிடாதீர்கள்.

குளோபல் பாலிசி என்பது கம்பெனி தனக்குத்தானே எழுதிக்கொண்ட தாள். மெஷின் எந்த மண்ணில் ஓடுகிறதோ அந்த மண்ணின் சட்டம்தான் செல்லும். சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது. அதுவும் புதுச்சேரியில் வந்து இப்படிச் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று இங்கிருந்த சவானா பஞ்சாலையில் பிரெஞ்சு ஆட்சியின் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் அதற்குப் பிறகுதான் இந்த ஊருக்கு வந்தன.

ஒர்க்கர்ஸ் கமிட்டி தப்பில்லை. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதை அமைக்கச் சொல்லி அரசே உத்தரவிடலாம். ஆனால் அது சங்கத்துக்கு மாற்று ஆகாது. நிர்வாகத்தோடு சேர்ந்து உட்காரும் குழு அது. உங்கள் தரப்பில் ஊதிய ஒப்பந்தம் பேச சங்கம்தான் வேண்டும்.

இனி பதிவு. விண்ணப்பம் போட 7 பேர் போதும். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 400 பேர் என்றால் 40. உங்களிடம் 60 பேர் இருக்கிறார்கள். சரி, நிர்வாகம் கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 700 பேர் என்று கணக்குக் காட்டினால்? 70 பேர் தேவை என்று இழுத்தடிப்பார்கள். நீங்களே 100 பேரைச் சேர்த்துவிட்டால் மொத்தம் எவ்வளவு என்ற தகராறே எழாது. என் யோசனை அதுதான். ஒவ்வொருவருக்கும் சந்தா ரசீது, ஊழியர் எண், சம்பளச் சீட்டு நகல் எல்லாம் தயாராக இருக்கட்டும். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தையும் வேண்டாம். டீம் லீடர்கள் யாராவது பட்டியலில் இருந்தால் கவனம்: மேற்பார்வை வேலையும் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளமும் இருந்தால் அவர்கள் சட்டப்படி தொழிலாளி ஆக மாட்டார்கள். பதவிப் பெயர் முக்கியமில்லை, செய்யும் வேலைதான் கணக்கு.

நீங்கள் கடலூரில் குடியிருந்தாலும் தொழிற்சாலை புதுச்சேரியில் இருப்பதால் புதுச்சேரி தொழிலாளர் துறையில்தான் மனு கொடுக்க வேண்டும். கடலூரில் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள், காலம்தான் வீண். வெளியாள் கூடாது என்று ஹெச்.ஆர். சொன்னால் நம்பாதீர்கள், நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதுவரை வெளியாட்கள் இருக்கலாம். கம்பெனியின் பெயரைச் சங்கம் பயன்படுத்தக் கூடாது என்ற ஆட்சேபணையும் வரலாம். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அந்த வாதம் எழுந்தது. 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவாகிவிட்டது.

மிரட்டிக் கையெழுத்து வாங்குவது, சங்கம் உருவாகும் நேரம் பார்த்து அதைக் கலைக்கச் சம்பளம் கூட்டுவது, பாலிசி என்ற பெயரில் பழிவாங்கும் இடமாற்றம் செய்வது: மூன்றுமே நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகள் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. அபராதம் 10,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டவர்களும் பயப்பட வேண்டாம், அது அவர்களைக் கட்டுப்படுத்தாது. 3,000 ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உழைப்புக்கான பணம். ஆனால் கையெழுத்து வாங்கத் தொடங்கிய தேதியையும் உயர்வு அறிவித்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த இரண்டு தேதிகளே சாட்சி.

பிரான்ஸ் தலைமையகத்தையும் விடாதீர்கள். 2017-ல் வந்த பிரெஞ்சுச் சட்டம் ஒன்று, பெரிய கம்பெனிகள் வெளிநாட்டுக் கிளைகளில் நடக்கும் உரிமை மீறல்களையும் கண்காணித்துத் தடுக்கத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கம்பெனி அந்த அளவுக்குப் பெரியதென்றால், புகார் பெறும் வழியும் அதில் இருந்தாக வேண்டும். ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த நெறிமுறைகளின் கீழ், பிரான்ஸிலுள்ள தொடர்பு மையத்திலும் சங்கம் புகார் தரலாம். அங்கே தீர்ப்பு கிடைக்காது. பேச்சுவார்த்தைக்கு அழுத்தம் கிடைக்கும். பதிவுச் சான்றிதழ் கையில் வந்த பிறகு இதைச் செய்தால் எடை கூடும். பிரெஞ்சுத் தூதரகத்தில் மனு கொடுப்பதால் பயனில்லை.

உங்கள் நண்பர் விஷயம்தான் அவசரம். அவருடைய நியமன உத்தரவில் இடமாற்ற நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். புனேவுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தால், சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்று விசாரணை வைத்து வெளியே அனுப்பப் பார்ப்பார்கள். அதனால் இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில் ஆட்சேபணைக் கடிதம் அனுப்பட்டும். நகலோடு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் நீங்கள் எல்லோரும் சேர்ந்து தொழில் தகராறு மனுவும் போடுங்கள். சமரசம் நடக்கும்போது, அந்தத் தகராறில் சம்பந்தப்பட்டவர்களின் பணி நிலைமையை அவர்களுக்குப் பாதகமாக மாற்ற நிர்வாகத்துக்குத் தடை உண்டு. அதற்குள் சேர வேண்டிய தேதி வந்துவிட்டால், எதிர்ப்பை எழுத்தில் பதிவுசெய்துவிட்டு புனேயில் போய்ச் சேரச் சொல்லுங்கள். ரயில் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.