மீன் தோல், செதில், முள்ளிலிருந்து வரும் புரதப் பொடி: கேள்வி பதில்

மீன் பதப்படுத்தும் ஆலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. ‘மரீன் கொலாஜன்’ (மீனின் தோலிலும் செதிலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம்), மீன் புரதப் பொடி பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, ஆலைக் கழிவைத்தான் பொடியாக்கி விற்கிறார்களாமே? குப்பையைத் தின்பதா?

குப்பை இல்லை தம்பி. சதையை மட்டும் அறுத்து ஏற்றுமதி செய்யும்போது தலை, முள், தோல், செதில் என்று மீனில் ஏறக்குறைய பாதி மிஞ்சும். மீன் தலைக் குழம்பை ரசித்துச் சாப்பிடும் நாம் இதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை. வியட்நாமில் பாசா மீனின் தோல், நார்வேயில் சால்மனின் தலையும் முள்ளும் இப்படித்தான் பொடியாகின்றன. கவலைப்பட வேண்டியது, மிச்சத்தை ஐஸில் வைத்தார்களா என்பதைப் பற்றி. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களின் மிச்சத்தை வெயிலில் போட்டுவைத்தால் அலர்ஜி மாதிரித் தொந்தரவு தரும் ஹிஸ்டமின் உண்டாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது.

ஜிம்முக்குப் போகிறேன். டப்பாவில் 90% புரதம் என்று இருக்கிறது. பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்துக்குப் பதிலாக எடுக்கலாமா?

மீனின் எந்தப் பாகம் என்று முதலில் பாருங்கள். செதிலை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தைக் கழற்றி, சூடாக்கி ஜெலட்டினாக இளக்கி, என்சைமால் துண்டாக்கி உலர்த்தினால் வெள்ளை வெளேரென்று ஒரு பொடி கிடைக்கும். அதுதான் கொலாஜன் பெப்டைட், அதாவது கொலாஜனின் சிறு துண்டுகள். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது; அதில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அறவே கிடையாது. தசைக்குத் தேவையான லியூசினும் குறைவு. 90% என்பது பொய்யில்லை, ஆனால் அந்த எண் புரதத்தின் அளவைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. முள்ளில் ஒட்டிய சதையை என்சைமால் கரைத்துச் செய்யும் ‘ஹைட்ரோலைசேட்’ வேறு ரகம். அதில் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் எல்லாம் உண்டு. கொஞ்சம் கசக்கும். சிலவற்றில் உப்பும் தூக்கலாக இருக்கும், ஏனென்றால் தயாரிப்பில் அமிலமும் காரமும் சேர்த்துச் சமன் செய்வார்கள். பிரஷர் இருப்பவர்கள் சோடியம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

மேடம், முகச் சுருக்கம் குறையுமா? மாதம் இரண்டாயிரம் ரூபாய் செலவாகிறது.

குடித்த கொலாஜன் அப்படியே போய் முகத்தில் உட்காராது. குடலில் உடைந்து, சில சிறு துண்டுகள் மட்டும் ரத்தத்தில் தெரிகின்றன. அவை தோல் செல்களைத் தூண்டலாம் என்பது ஒரு கருத்து. 2025-ல் 23 சோதனைகளைச் சேர்த்து அலசிய ஓர் ஆய்வு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரிந்தது. கம்பெனிப் பணம் வாங்காத சோதனைகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் பலன் இல்லை. நானாக இருந்தால் அந்த இரண்டாயிரத்துக்கு மீனே வாங்குவேன்.

அம்மாவுக்கு மூட்டு வலி. கொடுக்கலாமா?

சிலருக்கு வலி கொஞ்சம் குறைந்ததாகச் சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் ‘மூட்டைக் காக்கும்’ என்று எழுதிக்கொள்ள அனுமதி கேட்டபோது, ஆதாரம் போதாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் மறுத்துவிட்டது. பார்த்துக்கொள்ளுங்கள்; வலி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு ஏற்கெனவே கிட்னியில் கல் வந்திருக்கிறது...

நல்ல வேளை, கேட்டீர்கள். கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் அதிகம். உடல் அதில் ஒரு பகுதியை, கிட்னிக் கல்லில் இருக்கும் ஆக்ஸலேட்டாக மாற்றும். 30 கிராம் ஜெலட்டின் சாப்பிட்டவர்களின் சிறுநீரில், அதே அளவு வே புரதம் சாப்பிட்டபோது இருந்ததைவிட ஆக்ஸலேட் கூடியதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு வந்தது ஆக்ஸலேட் கல் என்றால் இந்தப் பொடி வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்கள் எந்தப் புரதப் பொடியையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பாதரசம்?

பாதரசம் பெரும்பாலும் சதைப் புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலுள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். தோல், செதில் கொலாஜனில் சிஸ்டீன் ஏறக்குறைய இல்லாததால் அங்கே பயம் குறைவு. குடல், ஈரல் சேர்ந்த பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம், அதற்குப் பரிசோதனைச் சான்று கேளுங்கள்.

மீன் அலர்ஜி உள்ளவர்கள் சாப்பிடலாமா?

கூடாது. சதையிலுள்ள பார்வால்புமின் என்ற புரதம்தான் வழக்கமான வில்லன். கொலாஜனே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

எடை குறைக்க, சாப்பாட்டை விட்டுவிட்டு இதை மட்டும் குடிக்கலாமா அக்கா?

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. 1970-களில் அமெரிக்காவில் மாட்டுத் தோல், தசைநாண் கொலாஜனைத் திரவமாக்கி ‘இதை மட்டும் குடியுங்கள்’ என்று விற்றார்கள். 60-க்கு நெருக்கமான பேர் இறந்தார்கள், பலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகி. மீனிலிருந்து எடுத்தாலும் கொலாஜன் கொலாஜன்தான். காலையில் ஒரு ஸ்பூன் காபியில் கலந்து குடித்துவிட்டு, மதியம் சோறு, பருப்பு, முட்டை என்று சாப்பிடுங்கள். அந்த ஸ்பூனையும் தினசரிப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.