வாசகர் கேள்வி பதில்: பக்க எண்ணா, பாடல் எண்ணா?

கேள்வி: சங்க இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். புறநானூற்று அடிகளைப் பாடல் எண், அடி எண் கொடுத்துச் சுட்டியிருந்தேன். ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த மேற்கோள்) முறைப்படி ஆசிரியர், ஆண்டு, பக்க எண் மூன்றும் எல்லா மேற்கோளுக்கும் வேண்டும் என்கிறார் என் நெறியாளர். எது சரி?
(ஆய்வு மாணவி, திருநெல்வேலி)

பதில்: ஆண்டு வேண்டும் என்று அவர் சொல்வது அந்த முறைக்குப் பொருந்தும், பக்க எண் தேவையில்லை. செவ்வியல் நூல்களையும் சமய நூல்களையும் மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணுக்குப் பதிலாக இயல், பாடல், அடி ஆகியவற்றின் எண்களைத் தரவேண்டும் என்றே ஏ.பி.ஏ. கையேட்டின் ஏழாம் பதிப்பு கூறுகிறது. செய்யுளுக்கு அடி எண் தருவதே இலக்கிய ஆய்வில் வழங்கும் எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கம் வகுத்த மேற்கோள்) முறையின் வழக்கமும் ஆகும். கையேட்டின் அந்தப் பகுதியை நெறியாளரிடம் காட்டிப் பேசுங்கள்.

'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற அடியைப் 'புறநானூறு 192:1' என்று சுட்டினால், 1894இல் உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட பதிப்பை வைத்திருப்பவரும் அண்மையில் அச்சான மலிவுப் பதிப்பை வைத்திருப்பவரும் ஒரே இடத்துக்கு வந்துசேர்வார்கள். பக்க எண்ணோ, நீங்கள் பயன்படுத்திய அதே பதிப்பு கையில் கிடைத்தவருக்கு மட்டுமே வழிகாட்டும். பலர் செய்வதுபோல் '(சாமிநாதையர், 1894)' என்று மட்டும் எழுதிவிட்டால், கணியன் பூங்குன்றனாரின் பாட்டு பதிப்பாசிரியரின் கூற்றாகத் தோன்றிவிடும். ஆகவே ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் நூற்பெயரையே வைத்து '(புறநானூறு, 1894, 192:1)' என்று எழுதுங்கள். பதிப்பாசிரியர் பெயர் துணைநூற்பட்டியலில் வரட்டும். ஆனால் எந்தப் பதிப்பு என்பதை விட்டுவிடக் கூடாது. பாட வேறுபாடு உள்ள அடியில் நீங்கள் எந்தப் பாடத்தைக் கொண்டு வாதிடுகிறீர்கள் என்பதைப் பதிப்பின் பெயரே தெரிவிக்கும். உரையை மேற்கோள் காட்டும்போது பக்க எண் கட்டாயம், ஏனெனில் உரைநடைக்கு அடி எண் கிடையாது.

பாடல் எண் எல்லா நூலிலும் இப்படி நிலையாக இருப்பதில்லை என்பதை ஆய்வாளர்கள் பலர் கவனிப்பதில்லை. எனக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. நாம் இன்று வழங்கும் குறள் எண்கள் பரிமேலழகர் கொண்ட வரிசையைப் பின்பற்றியவை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வைப்புமுறை வேறுபடுவதால், அவ்வுரையை ஆராய்பவர் வெறும் குறள் எண்ணை மட்டும் தந்தால் படிப்பவர் வேறு குறளுக்குப் போய்விடக்கூடும். தொல்காப்பியத்திலோ உரையாசிரியர்கள் சில இடங்களில் நூற்பாக்களைப் பிரிப்பதிலேயே வேறுபடுகிறார்கள், அதனால்தான் 'தொல். பொருள். இளம்.' (தொல்காப்பியம், பொருளதிகாரம், இளம்பூரணர் உரை) என்று உரையாசிரியர் பெயரையும் சேர்த்து எண் தரும் வழக்கம் ஏற்பட்டது. இளம்பூரணர் உரையையும் நச்சினார்க்கினியர் உரையையும் ஒப்பிடும் ஆய்வேட்டில் இந்தச் சுருக்கக்குறி ஒன்று விடுபட்டாலும் தேர்வாளரால் சரிபார்க்க இயலாது. கம்பராமாயணத்துக்குக் காண்டம், படலம், பாடல் எண் ஆகியவற்றோடு பதிப்பையும் குறிப்பிடுங்கள், ஏனெனில் பாடல்களின் எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

கேள்வி: துணைநூற்பட்டியலில் தலைப்பெழுத்தைக் கொண்டு அகரவரிசைப்படுத்துவதா, பெயரைக் கொண்டா?
(கல்லூரி ஆசிரியர், மதுரை)

பதில்: பெயரைக் கொண்டே வரிசைப்படுத்துங்கள். உ. வே. என்பதில் 'உ' உத்தமதானபுரம் என்னும் ஊரையும், 'வே' தந்தையார் வேங்கடசுப்பையரையும் குறிப்பதால், 'சாமிநாதையர், உ. வே.' என்று சகர வரிசையில் வைப்பதே முறை. தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரைப் பின்னால் எழுதும் இன்றைய ஆசிரியர்களின் பெயரை மென்பொருள் தானாகப் பிரிக்கும்போது, தந்தை பெயர் குடும்பப் பெயராக முன்னே வந்துவிடுகிறது. அத்தகைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள். புனைபெயரில் எழுதியவர்களை அப்பெயரிலேயே வையுங்கள். புதுமைப்பித்தனை விருத்தாசலம் என்று மாற்றினால் தேடுபவருக்குக் கிடைக்க மாட்டார்.

கேள்வி: பழைய நூல் ஒன்றின் முகப்பில் 'ஜய வருஷம், தை மாதம்' என்று மட்டும் இருக்கிறது. ஆண்டை எப்படிக் குறிப்பது?
(நூலகர், கும்பகோணம்)

பதில்: முகப்பில் உள்ளதை அப்படியே எழுதி, நீங்கள் கணித்த ஆங்கில ஆண்டைச் சதுர அடைப்புக்குள் தாருங்கள்; அது அச்சில் இல்லாதது, உங்கள் கணிப்பு என்பதை அந்த அடைப்பு காட்டும். அறுபதாண்டுச் சுழற்சியில் ஜய வருஷம் 1894இலும் 1954இலும் 2014இலும் தொடங்கியிருப்பதால், எந்தச் சுற்று என்பதை அச்சகத்தின் பெயர், முன்னுரையில் குறிப்பிடப்படும் மனிதர்கள், விலை ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். முதற்சுற்று என்று உறுதியானால் ஆண்டு 1894 அன்று, 1895. சித்திரையில் தொடங்கும் வருஷத்தின் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டின் ஜனவரி நடுவில் பிறக்கிறது. மாதம் இல்லாத நூலுக்கு '1894-95' என்று எழுதுவதே நேர்மையானது. திருவள்ளுவர் ஆண்டு அச்சிட்ட நூல்களுக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டியதில்லை: 31ஐக் கழித்தால் போதும், 2055 என்பது 2024 ஆகும்.