இத்தாக்காவின் கடிகாரத் தூண் – கடிதம்

அன்புள்ள சார்,

ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் பாடிங்டன் பக்கம் குடியிருக்கிறேன். மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வழியில் எனோகெரா டெரஸில் ஒரு சின்னப் பூங்கா, அதில் ஒரு கடிகாரத் தூண். பழைய இத்தாக்கா ஊரின் முதல் உலகப்போர் நினைவுச்சின்னமாம், குவீன்ஸ்லாந்து மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டில் வேறு இருக்கிறதாம். நூறு வருஷம்தான் ஆகிறது. ஆயிரம் வருஷக் கோயில் கல்வெட்டின்மேல் வெள்ளையடிக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்குச் சிரிப்பு வருகிறது. கைபேசி வந்தபிறகு தெருக் கடிகாரம் யாருக்கு? ‘நம்ம ஊர் நடுகல் மாதிரிதான் இதுவும்’ என்கிறார் நண்பர். அப்படியா?

கண்ணன்

அன்புள்ள கண்ணன்,

சிரிக்கலாம், தப்பில்லை. இரண்டு வருஷம் முன்பு அங்கே வந்தபோது நானும் அதை ஏதோ பேருந்து நிறுத்தத்துக் கடிகாரம் என்றுதான் நினைத்தேன். தூணடியில் ஒரு அம்மாள் காய்கறிப் பையை இறக்கிவைத்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்றபடி செருப்புக்குள் புகுந்த கல்லை உதறிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் பார்த்தபோதுதான் போரில் செத்தவர்களின் பெயர்கள் கண்ணில் பட்டன.

நடுகல் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம். நடுகல்லில் இருப்பவன் ஊர் மாட்டை மீட்கப் போய் ஊரறியச் செத்தவன். இங்கே ஊர் எதையும் பார்க்கவில்லை. போரில் இறந்தவர்களின் உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டிஷ் பேரரசு முடிவெடுத்திருந்தது, பணக்காரன் ஏழை எவனுக்கும் விலக்கில்லை. ஆஸ்திரேலியாவின் ஜனத்தொகை அப்போது ஐம்பது லட்சத்தைத் தொடவில்லை, அதில் ஏறக்குறைய 60,000 பேர் செத்தார்கள், துருக்கியின் கலிப்பொலியிலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புதைந்துபோனார்கள், பலருக்கு எந்தக் குழி என்றுகூடத் தெரியாது. கப்பலேறிப் போய்ப் பார்த்துவர எத்தனை அம்மாக்களுக்கு வசதி இருந்திருக்கும்? அதனால்தான் ஒவ்வொரு புறநகரும் தனக்கென்று ஒன்றை எழுப்பிக்கொண்டது. அந்த வீடுகளுக்குக் கல்லறை என்று இருந்தது அதுதான்.

இன்னொன்று. போனவர்கள் எல்லாரும் தாமாகப் பெயர் கொடுத்தவர்கள். கட்டாய ராணுவச் சேவை வேண்டுமா என்று 1916இலும் 1917இலும் மக்களிடம் ஓட்டு கேட்டார்கள், இரண்டு முறையும் வேண்டாம் என்றே முடிவு வந்தது. ஆக, போகாமல் இருந்தவனும் அதே தெருவில்தான் குடியிருந்தான், தினமும் அந்தத் தூணைக் கடந்துதான் வேலைக்குப் போனான். அவன் மணி பார்க்க நிமிரும்போது என்ன நினைத்திருப்பான் என்பதுதான் எனக்கு ஓயாத கேள்வி.

சரி, கடிகாரம் ஏன்? குவீன்ஸ்லாந்தில் அந்தக் காலத்தில் அதிகம் வைத்தது பீடத்தின்மேல் நிற்கும் சிப்பாய் சிலை. போர் முடிந்ததும் பல ஊர்களில் ஒரு வாக்குவாதம் நடந்தது, செத்தவர்கள் நினைவாக மண்டபம், ஆஸ்பத்திரி என்று பயன்படுகிற ஒன்றைக் கட்டுவதா, வெறும் நினைவுச்சின்னம் போதுமா என்று. கடிகாரத் தூண் இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு சமரசம். எனக்கு அது சிலையைவிடப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. சிலையை வருஷத்துக்கு ஒருநாள் பார்ப்போம், மணியை ஒரு நாளைக்கு நாலு தடவை பார்ப்போம். அப்புறம் அந்தப் பதினோரு மணி இருக்கிறதே, 1918 நவம்பர் 11 அன்று பீரங்கிகள் ஓய்ந்த நேரம், மறுவருஷத்திலிருந்து அந்த நேரத்துக்கு இரண்டு நிமிட மௌனம் என்று வழக்கமாகிவிட்டது. கைக்கடிகாரம் எல்லார் கையிலும் இல்லாத காலத்தில் தெருவில் நின்று மௌனம் காக்கவே ஒரு கடிகாரம் வேண்டியிருந்தது.

நூறு வருஷம்தானே என்கிறீர்கள். அந்த நூறு வருஷத்தில் எது மிஞ்சியது என்று பாருங்கள். 1922இல் இதை எழுப்பியபோது இந்தப் பகுதி இத்தாக்கா என்ற தனி ஊர், தனி நகரசபை. 1925இல் பிரிஸ்பேன் பெருநகரமாகி அந்தச் சபையையே விழுங்கிவிட்டது. கொஞ்ச தூரத்தில் ட்ராம் பணிமனை இருந்தது, 1962 செப்டம்பரில் ஒரே இரவில் 65 ட்ராம்கள் அதில் எரிந்துபோயின, 1969இல் ட்ராமே நின்றுவிட்டது. பூங்காவின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள், அலெக்சாண்டர் ஜாலி என்று. அவர் இத்தாக்கா சபையின் தோட்டக்காரர். அவருடைய மகன் வில்லியம் ஜாலிதான் பெருநகரத்தின் முதல் மேயர். தோட்டக்காரர் பெயரில் பூங்கா இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இத்தாக்கா என்ற பெயரைக் கவனித்தீர்களா? கிரேக்கத் தீவு அது. கிரேக்கக் காவியத்தில் டிராய் போருக்குப் போன ஒடிசியஸ் இருபது வருஷம் கழித்தாவது திரும்பி வந்துசேர்ந்த வீடு. குவீன்ஸ்லாந்தின் முதல் கவர்னர் போவனின் மனைவி டயமன்டினா அந்தத் தீவு இருக்கிற அயோனியத் தீவுக்கூட்டத்தில் பிறந்தவர். பையன்கள் போய் மடிந்த கலிப்பொலியிலிருந்து டிராய் இருந்த இடம் ஜலசந்திக்கு அந்தக் கரைதான்.

மகளோடு போகும்போது ஒருநாள் கொஞ்சம் நின்று, ஒரே குடும்பப்பெயர் எங்காவது இரண்டு முறை வருகிறதா என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். நான் பாதியிலேயே விட்டுவிட்டேன், மழை பிடித்துக்கொண்டது.