பள்ளி நூலகம்: எடுக்கச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்

(ஓய்வுபெற்ற பள்ளி நூலகரின் பதில்கள்)

ஒரு பெற்றோர் வந்து கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துவிடச் சொல்கிறார். தலைமை ஆசிரியரும் ‘எதற்கு வம்பு’ என்கிறார். என்ன செய்ய? – அரசுப் பள்ளி ஆசிரியை

முதலில் அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். பிள்ளையைப் பற்றிய பயம்தான் பேச வைக்கிறது. அப்புறம் ஒரு தாளைக் கொடுங்கள்: எந்தப் பக்கம், என்ன ஆட்சேபம், முழுதும் படித்தீர்களா? கையெழுத்தோடு வாங்குங்கள். இரண்டு மூன்று ஆசிரியர்கள் படித்து முடிவு சொல்லும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

எழுத்துக்கு அவ்வளவு பலம் உண்டு. பெரியாரின் இராமாயண நூலை இந்தியில் வெளியிட்டவர் லலாய் சிங் யாதவ். உத்தரப் பிரதேச அரசு 1969இல் அதைப் பறிமுதல் செய்தது. அரசாணையில் காரணம் எழுதப்படவில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1971இல் ஆணையை ரத்து செய்தது. 1976இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரசே காரணம் எழுதியாக வேண்டும் என்றால் பள்ளி எழுத வேண்டாமா?

தடைசெய்த புத்தகத்தை வைத்தால் வேலை போகுமா?

தடை நிஜமா என்று பாருங்கள். மாநில அரசு பறிமுதல் செய்தால் அறிவிக்கையில் காரணத்தோடு வரும். யாரோ ‘தடை’ என்று சொன்னால் அது தடை ஆகாது.

போட்டித் தேர்வுக்கு என்னென்ன நூல்கள் வாங்கலாம்?

மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். அங்கே தனிப் பிரிவே இருக்கும்.

ஆறாம் வகுப்புக்குப் பெரியவர்கள் நாவல் வேண்டாம் என்று நீங்களே சொல்வீர்கள். அதுவும் தடைதானே?

இல்லை. வாங்கும்போது இருக்கிற பணத்துக்குள் வயது பார்த்துப் பொறுக்குகிறேன். பிளஸ் டூ அலமாரியில் அதே நாவலை வைப்பேன். வாங்கி வைத்ததை ஒருவர் கோபப்பட்டதும் உருவுவது வேறு.

பொறுக்குகிற கைக்கும் விருப்பு வெறுப்பு இருக்குமே?

இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஒருவரே பொறுக்கக் கூடாது, பிள்ளைகளையும் கேட்க வேண்டும் என்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், உடலைப் பற்றிய அறிவியல் நூலில் இரண்டு பக்கங்களுக்கு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள். எடுத்தால் தானாக அந்தப் பக்கத்தில்தான் விரியும். பிள்ளைகள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்திருக்கிறார்கள். சந்தேகம் கேட்க மட்டும் ஒரு பிள்ளையும் யாரிடமும் போகவில்லை.

எங்கள் பள்ளியிலும் ஒரு புத்தகத்தை எடுக்கச் சொல்கிறார்கள்...

இதே கேள்வி நான்காவது முறை வருகிறது. முதல் பதிலைப் படியுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

எங்களிடம் எந்தப் புத்தகத்துக்கும் தடை இல்லை. பீரோதான் பூட்டியே இருக்கிறது.

என்னை அதிகம் வருத்துவது இதுதான். புத்தகம் தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தில் ஆசிரியர் பூட்டுகிறார். கிழிந்ததையும் தொலைந்ததையும் பதிவேட்டில் கழிக்க, தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சாவியை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கொடுங்கள்.