பத்து இலக்க எண்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த எண் எது? அதன் பண்புகள் என்ன?

எனக்கு 4294967297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று இதை வாசிக்க வேண்டும். 2³²-உடன் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது இந்த எண்தான்.

17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையை (ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வரும்) கண்டு, இதில் தொடர்ந்து வருபவை எல்லாமே பகா எண்கள் என்று நம்பினார். அந்த வரிசையில் அடுத்து நிற்பது நம் எண். 1732-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், ஆய்லர் என்ற கணிதர் இதை 641 மீதியின்றி வகுக்கும் என்று காட்டினார். இதன் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்பதையும் பின்னாளில் அவரே நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாவது எண்ணிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

மாணவனாக இருந்தபோது இந்த வகுத்தலை நானே தாளில் செய்து பார்த்தேன். 4294-இல் 641 ஆறு முறை போக மீதி 448. ஒன்பதை இறக்கினால் 4489, ஏழு முறை போக மீதி 2. பிறகு ஈவில் இரண்டு பூச்சியங்கள் விழுகின்றன. கடைசி இலக்கத்துக்கு முன் அதே 448 மறுபடியும் மீதியாக வருகிறது. இம்முறை இறங்குவது ஒன்பது அன்று, ஏழு. 4487 என்பது சரியாக ஏழு 641. ஈவு 6700417, அதுவும் பகா எண்.

ஆனால் இந்த எண்ணின் உண்மையான அழகு, வகுக்காமலே இதைக் காண முடிவதில்தான் இருக்கிறது. 641 = 5 × 2⁷ + 1; அதுவே 5⁴ + 2⁴ என்றும் அமைகிறது. முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுக்கும்போது வரும் மீதியை மட்டும் பார்த்தால் 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று இடலாம். இட்டால் −2³² என்பது 1-க்குச் சமம் என்றாகிறது, அதாவது 2³² + 1 என்பதை 641 வகுத்தே தீரும். இவ்வளவு சிறிய நிறுவலில் இவ்வளவு பெரிய எண் உடைவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. இந்த எண் 65536² + 1² என்பது அதன் பிறப்பிலேயே தெரிவது. அதோடு 62264² + 20449² என்றும் இது பிரிகிறது. பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரு வேறு விதங்களில் எழுத முடியாது. ஆகவே காரணி எதுவென்று தெரியாமலே இது பகு எண் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

ஃபெர்மாவின் பெயரிலேயே ஒரு பகா எண் சோதனை இருக்கிறது: p ஒரு பகா எண் என்றால், p வகுக்காத எந்த எண்ணையும் p − 1 அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 2-ஐ எடுத்துக்கொண்டு சோதித்தால் நம் எண் அதில் தேறிவிடுகிறது. 3-ஐ எடுத்துக்கொண்டு சோதித்தால் மீதி 1 வருவதில்லை.