பயணக் கேள்விகள்: தெற்கு இத்தாலி, பாதி ரயில், மீதி கார்

தெற்கு இத்தாலிக்கு நண்பர்களோடு போகத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

நாங்கள் நான்கு பேர். மே மாதம் 12 நாள் லீவு. ரோமில் இறங்கி நேப்பிள்ஸ், அமால்ஃபி கடற்கரை, மத்தேரா, லெச்சே எல்லாம் பார்க்க ஆசை. ரோம் ஏர்போர்ட்டிலேயே கார் எடுத்துக்கொண்டு 12 நாளும் சுற்றலாமா?
வாசகி, கோவை

வேண்டாம். மேற்குக் கரை முழுக்க ரயிலிலும் படகிலும் போங்கள். காரைக் கிழக்குக் கரையில் உள்ள பாரி நகரில் எடுங்கள். நேப்பிள்ஸில் கார் ஒரு சுமைதான். தெரு நெருக்கம் ஒரு பக்கம், பார்க்கிங் செலவு ஒரு பக்கம், கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும் என்ற கவலை இன்னொரு பக்கம். அமால்ஃபி கடற்கரையின் எஸ்எஸ் 163 சாலையோ மலையில் செதுக்கிய ஒற்றை நாடா. எதிரே பஸ் வந்தால் ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆகவேண்டும். சீசன் நாட்களில் நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துப் பகலில் வண்டிகளைத் தடுக்கும் விதியும் அங்கே உண்டு.

ஊர்களின் வரிசையையும் கொஞ்சம் மாற்றுங்கள். எல்லோரும் முதலில் நேப்பிள்ஸ், பிறகு அமால்ஃபி என்று போடுகிறார்கள். அப்படிப் போனால் பாரிக்குக் கிளம்பும் நாளில் மறுபடி நேப்பிள்ஸ் வரை திரும்பி வரவேண்டியிருக்கும். அதற்குப் பதில் ரோமிலிருந்து அதிவேக ரயிலில் நேராக சலேர்னோ போய்விடுங்கள். சுமார் 2 மணி நேரம். சலேர்னோவில் 2 இரவு. ஸ்டேஷனுக்கு எதிரே நடக்கும் தூரத்தில் பியாத்சா தெல்லா கொன்கோர்தியா படகுத் துறை இருக்கிறது. அங்கிருந்து அமால்ஃபி சுமார் 35 நிமிடம், பொசிதானோ சுமார் 70 நிமிடம். சாலையில் ஊர்ந்து போகிறவர்களைக் கடலிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். அலை அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் படகுப் பயணத்தை முதல் நாளே முடித்துவிடுங்கள். இரண்டாவது நாள் கையிருப்பாக இருக்கட்டும்.

அடுத்து நேப்பிள்ஸில் 3 இரவு. டிக்கெட் வாங்கும்போது 'நாப்போலி சென்த்ராலெ' (நேப்பிள்ஸ் மத்திய நிலையம்) என்று பார்த்து வாங்குங்கள். 'நாப்போலி அஃப்ரகோலா' நகரத்துக்கு வெளியே இருக்கும் வேறு ஸ்டேஷன். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பேயிலும் இதே சிக்கல்தான். இடிபாடுகளின் வாசலில் இறங்க, சென்த்ராலெ ஸ்டேஷனின் கீழ்த்தளத்திலிருந்து கிளம்பும் சர்க்கும்வெசுவியானா ரயிலில் ஏறி 'பொம்பே ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தெரி'யில் இறங்கவேண்டும். சுமார் 35 நிமிடம். வெறும் 'பொம்பே' என்று இருக்கும் தேசிய ரயில்வே ஸ்டேஷனில் இறங்கினால் நல்ல வெயிலில் நடை. 2024 நவம்பரிலிருந்து பொம்பேயில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். ஒருவரே நான்கு டிக்கெட் எடுத்தாலும் நான்கு பேரின் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பதியவேண்டும். அந்த ரயிலில் பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

நேப்பிள்ஸ்–பாரி ரயில் பாதைதான் இந்தத் திட்டத்தின் பலவீனமான கண்ணி. அதிவேகப் பாதை இன்னும் முழுதாக முடியவில்லை. பெரும்பாலும் கசெர்த்தாவில் ரயில் மாறவேண்டும். சென்த்ராலெ பக்கத்தில் உள்ள மெட்ரோபார்க் நிலையத்திலிருந்து கிளம்பும் நீண்டதூர பஸ், மூன்று மூன்றரை மணி நேரத்தில் மாறாமல் கொண்டுபோய் விடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் பஸ்ஸே மேல்.

பாரி நகர அலுவலகத்தைவிட ஏர்போர்ட்டில் கார் எடுப்பது நல்லது. நகர அலுவலகங்கள் மதியம் மூடும், சனிக்கிழமை பாதி நாள், ஞாயிறு பூட்டு. பாரி சென்த்ராலெயிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து மத்தேராவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மத்தேராவில் 2 இரவு, கூம்புக் கூரை வீடுகள் உள்ள அல்பெரொபெல்லோ பக்கம் 1, லெச்சேயில் 2. அல்பெரொபெல்லோவில் பகல் முழுக்கக் கூட்டம். தங்க லோகொரொதொண்டோ அமைதியான ஊர். கடைசியில் காரைப் பாரி ஏர்போர்ட்டிலேயே விட்டு ரயிலில் ரோம் திரும்பினால் சுமார் 4 மணி நேரம். ரோமில் ஓர் இரவு தங்கி மறுநாள் விமானம். விமான நாளன்று தெற்கிலிருந்து கிளம்பி நேராக ஏர்போர்ட் பிடிக்கும் திட்டம் மட்டும் போடாதீர்கள்.

வாடகையை 24 மணி நேரக் கணக்கில்தான் போடுவார்கள். மாலை 3 மணிக்கு எடுத்த காரை ஐந்து நாள் கழித்து மாலை 5 மணிக்கு விட்டால் ஆறு நாள் வாடகை. லெச்சேயிலிருந்து பாரி ஏர்போர்ட் சுமார் 2 மணி நேரம்; காலை 10 மணிக்குக் கிளம்பினால் பெட்ரோல் நிரப்பவும் நேரம் இருக்கும்.

ரயில் டிக்கெட்டை இப்போதே எடுக்கவேண்டுமா? ஐரோப்பிய ரயில் பாஸ் லாபமா?
வாசகர், மதுரை

இந்த வழிக்குப் பாஸ் லாபமில்லை. அதிவேக ரயிலில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம். உள்ளூர் ரயில்களில் டிக்கெட்டே மலிவு.

அதிவேக ரயிலுக்கு முன்கூட்டியே எடுத்தால் விலை பாதியாகவும் குறையும். ஆனால் மிக மலிவான டிக்கெட்டை மாற்றவோ திருப்பவோ முடியாது. விமானம் இறங்கும் நாளுக்கு மட்டும் மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள், மற்ற நாட்களுக்கு மலிவு டிக்கெட் போதும். உள்ளூர் ரயிலுக்கு, அதாவது டிக்கெட்டில் 'ரெஜியோனாலெ' என்று இருந்தால், எப்போது எடுத்தாலும் ஒரே விலை, முன்பதிவுக்கு அவசியமில்லை. அபராதம் வருவது இந்த உள்ளூர் ரயில் டிக்கெட்டில்தான். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் பிளாட்ஃபாரத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்தவேண்டும். மொபைல் டிக்கெட் என்றால் ஏறும் முன் செக்-இன் பொத்தானை அழுத்தவேண்டும். குழுவாகப் போகிறவர்கள் ஒருவர் டிக்கெட்டில் மட்டும் முத்திரை குத்திவிட்டு நால்வரும் ஏறிவிடுவது வழக்கமாக நடக்கிறது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் குத்தியிருக்கவேண்டும்.

காரே எடுக்காமல் மத்தேரா போக நினைப்பவர்களுக்கு: அந்த ஊர் தேசிய ரயில்வே வலையில் இல்லை. பாரி சென்த்ராலெ பக்கத்தில் தனி ஸ்டேஷன் வைத்திருக்கும் அப்புலோ லுகானெ என்ற குறுகிய பாதை ரயில்தான் போகும். ஞாயிறன்று ரயில் கிடையாது, பஸ்தான்.

இந்திய லைசென்ஸ் போதுமா? வலது பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை.
வாசகர், திருச்சி

போதாது. இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கவேண்டும். ஆர்டிஓ-வில் படிவம் 4ஏ கொடுத்து வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். இந்த வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அந்த அனுமதி இல்லாமல் வாடகைக் கவுன்டரில் நின்றால், கட்டிய பணமும் போய் வண்டியும் கிடைக்காது.

முன்பணத்தைப் பிடித்துவைக்க, யார் பெயரில் காரோ அவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு வரம்பையும் உயர்த்துங்கள். ஆட்டோமேட்டிக் கார் அங்கே குறைவு. வேண்டுமானால் முதலிலேயே அதைச் சொல்லி பதிவு செய்யவேண்டும். வலது கையால் கியர் போடப் பழகுவதையும் சாலையின் வலது பக்கம் பழகுவதையும் ஒரே நாளில் சேர்த்துவைக்காமல் இருக்க, ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்தான்.

நேர் சாலையில் யாரும் தவறுவதில்லை. பெட்ரோல் பங்க்கிலிருந்து காலிச் சாலைக்குத் திரும்பும்போதுதான் கை தானாக இடது பக்கம் போகும். பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது" என்று சத்தமாகச் சொல்வதை ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ரவுண்டானாவைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றவேண்டும், உள்ளே சுற்றுபவருக்கு வழிவிடவேண்டும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. டோல் சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர், மழையில் 110. சாதாரண ஊர்ப்புறச் சாலையில் 90, ஊருக்குள் 50. டோல் வாசலில் மஞ்சள் 'டெலிபாஸ்' வரிசைக்குள் மட்டும் போகாதீர்கள், அது சந்தாதாரர்களுக்கு. உள்ளே நுழையும்போது இயந்திரம் தரும் சீட்டைத் தொலைத்தால் மிகத் தொலைவான வாசலிலிருந்து வந்ததாகக் கணக்கிட்டு வசூலிப்பார்கள். பாரியிலிருந்து பிரிந்திசி வழியாக லெச்சே போகும் நான்குவழிச் சாலைக்கு டோல் இல்லை.

பங்க்கில் 'பென்சீனா' பெட்ரோல், 'கசோலியோ' டீசல். பெயரைக் கேட்டுக் கசோலியோவைப் பெட்ரோல் என்று ஊற்றி இஞ்சினைக் கெடுப்பவர்கள் உண்டு, அந்தச் செலவு இன்சூரன்ஸில் வராது. 'செல்ஃப்' வரிசை மலிவு. 'செர்வீதோ' வரிசையில் ஆள் ஊற்றுவார், லிட்டருக்கு விலை கூடும்.

வாடகைக் கார் எடுத்தவர்களுக்கு மாதங்கள் கழித்து அபராதம் வருகிறதாமே?
வாசகி, சென்னை

வரும். காரணம் 'செட்டிஎல்' (ZTL) எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். பழைய நகரப் பகுதியின் வாசலில் சிவப்பு வட்டம் போட்ட வெள்ளைப் பலகையும் கேமராவும் இருக்கும். தடுப்புக் கம்பு எதுவும் இருக்காது. அதனால் நுழைந்ததே தெரியாது. பாரி, லெச்சே பழைய நகரங்களிலும் மத்தேராவின் குகை வீடுகள் உள்ள சாஸ்ஸி பகுதியிலும் இது உண்டு. பலகையின் கீழே மின்னெழுத்தில் 'வார்க்கோ அத்தீவோ' என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, உள்ளே போகக் கூடாது. 'நோன் அத்தீவோ' என்றால் போகலாம். ஒரே தெருவில் வழி தெரியாமல் மூன்று முறை நுழைந்தால் மூன்று அபராதம். அதற்கு மேல், உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் எடுக்கும். மொபைல் மேப் சொல்லும் வழியை நம்பினால்தான் பெரும்பாலும் மாட்டுவது.

அறை பதிவு செய்யும்போதே தங்குமிடம் மண்டலத்துக்கு உள்ளேயா என்று கேளுங்கள். உள்ளே என்றால் கார் எண்ணைக் கொடுத்துப் பதிந்துவிடச் சொல்லுங்கள், பதிந்ததற்கு மெசேஜில் உறுதியும் வாங்குங்கள். இன்னும் எளிது, ஊர் எல்லையில் பார்க்கிங்கில் விட்டு நடப்பது. தரைக்கோடு வெள்ளை என்றால் இலவசம், நீலம் என்றால் கட்டணம், மஞ்சள் என்றால் உங்களுக்கில்லை.

காரைக் கையில் வாங்கும்போது நான்கு பக்கம், சக்கர விளிம்பு, கூரை, முன்கண்ணாடி, எரிபொருள் முள் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுங்கள். விடும்போதும் அப்படியே. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி மூன்றும் பெரும்பாலும் சாதாரணக் காப்பீட்டில் சேராது.

ஆறு பேர். ஒரே ஒன்பது இருக்கை வேன் எடுத்தால் கலகலப்பாக இருக்குமே?
வாசகர், சிங்கப்பூர்

கலகலப்பு பார்க்கிங் தேடும் வரைதான். அல்பெரொபெல்லோ, லோகொரொதொண்டோ இருக்கும் இத்ரியா பள்ளத்தாக்கின் கிராமச் சாலைகளில் இரு புறமும் கல் சுவர். எதிரே டிராக்டர் வந்தால் வேனுக்கு ஒதுங்க இடமில்லை. மூடிய பார்க்கிங் பலவற்றில் உயரக் கட்டுப்பாடும் உண்டு. இரண்டு சிறு கார்களே நல்லது. கடலுக்குப் போக நினைப்பவரும் கோயில் பார்க்க நினைப்பவரும் பகலில் பிரிந்து போகலாம். ஒரு காருக்கு மூன்று பேர், மூன்று நடுத்தரப் பெட்டி. சின்ன ஃபியட் பாண்டாவில் இரண்டு பெட்டிக்கு மேல் டிக்கி மூடாது. மூன்றாவதைப் பின் சீட்டில் வெளியே தெரிய வைத்தால் கண்ணாடி உடைய அழைப்பு வைத்ததுபோல.

இரு கார்களும் தனித்தனி ஒப்பந்தமாக இருக்கட்டும். ஓட்டப்போகும் எல்லோர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து என்றால் காப்பீடு செல்லாது. 25 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குக் கூடுதல் கட்டணம்.

நாங்கள் சைவம். முட்டை, பால் பரவாயில்லை. என்ன சாப்பிடலாம்?
வாசகி, கும்பகோணம்

தெற்குதான் சைவர்களுக்கு வசதி. ஆனால் கறி கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஒளிந்திருக்கும். லெச்சேயின் பெருமையான பாஸ்திச்சொத்தோ என்ற கஸ்டர்ட் பேஸ்ட்ரி, நேப்பிள்ஸின் ஸ்ஃபோலியாத்தெல்லா இரண்டின் மாவிலும் மரபாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். நேப்பிள்ஸின் மிளகு தராலி என்ற மொறுமொறு வளையத்திலும் அதேதான். பாரிப் பக்கத்து தராலி ஆலிவ் எண்ணெயில் செய்தது. கீரை போட்ட ஓரெக்கியெத்தெ பாஸ்தாவைப் பார்த்தால் சைவம் என்று தோன்றும், ஆனால் தாளிக்கும்போதே உப்பு நெத்திலியைக் கரைத்திருப்பார்கள். 'சென்த்சா அச்சூகெ' என்று சொன்னால் நெத்திலி இல்லாமல் கிடைக்கும். பார்மிஜானோ சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

கவலையின்றிக் கேட்கலாம் என்பவை: சீஸே இல்லாத மரினாரா பீட்சா, தக்காளி பதித்த பாரி ஃபொகாச்சா, காய்ந்த மொச்சைபோன்ற ஃபாவா பயறை மசித்துக் கசப்புக் கீரையோடு தரும் 'ஃபாவெ எ சிகோரியா'. கடைசியாகச் சொன்னது நம் ஊர் ருசிக்குக் கிட்டத்தில் வரும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அதைத் தொடக்கூடாது.

மதியச் சமையலறை இரண்டரைக்கு மூடினால் இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். பில்லில் 'கொபேர்த்தோ' என்று தலைக்கு ஒரு தொகை இருக்கும். அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

நேப்பிள்ஸிலிருந்து சிசிலிக்கு ரயில் கப்பலில் ஏறிப் போகுமாமே, உண்மையா?
வாசகர், டொரண்டோ

உண்மை. வில்லா சான் ஜொவான்னி துறைமுகத்தில் ரயிலைப் பிரித்து, பெட்டிகளைத் துண்டு துண்டாகக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். பெட்டியை விட்டு இறங்கி மேல்தளத்துக்குப் போகலாம். ஜலசந்தி சுமார் 3 கிலோமீட்டர்தான் என்றாலும் பிரிக்கவும் சேர்க்கவும் நேரம் ஆகும். தெற்கே போகும்போது கடல் வலது பக்கம். அந்தப் பக்க ஜன்னல் கேளுங்கள். சிசிலிக் கரையில் உள்ள மெஸ்ஸீனாவில் ரயில் பிரிந்து ஒரு பாதி பலெர்மோவுக்கும் மறு பாதி கத்தானியா, சிரகூசாவுக்கும் போகும். டிக்கெட்டில் உள்ள பெட்டி எண்ணில்தான் உட்காரவேண்டும். நண்பரோடு பேச அடுத்த பெட்டிக்குப் போயிருந்தால் மெஸ்ஸீனாவுக்கு முன் திரும்பிவிடுங்கள்.

வேலைநிறுத்தம் வந்தால்?
வாசகர், யாழ்ப்பாணம்

குறைந்தது பத்து நாள் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும் என்பது சட்டம். இத்தாலியப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் 'ஷோபெரி' பட்டியலில் தேதியும் நேரமும் இருக்கும். வார நாளில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் குறைந்தபட்சச் சேவை உண்டு. ஊர் மாறும் பயணத்தை அந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.