குறிலா, நெடிலா? ஆங்கில உயிரொலிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அம்மா, கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ இரண்டும் ஆங்கிலேயர் பேசும்போது என் காதில் ஒன்றாகவே விழுகின்றன. குறில் நெடில் அறிந்த தமிழருக்கு ஏன் இந்தத் தடுமாற்றம்?

பதில்: நீங்கள் மாத்திரையை மட்டும் எண்ணுகிறீர்கள். தமிழில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. நாக்கு ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும். ஆங்கிலத்தில் நீளத்தோடு நாக்கின் இடமும் மாறுகிறது. ‘ஷீப்’ என்னும்போது நாக்கு நன்றாக மேலெழும், உதடு விரியும். ‘ஷிப்’ என்பதில் நாக்கு சற்று இறங்கித் தளரும். நம் ‘இ’யிலிருந்து ‘எ’வை நோக்கி இம்மியளவு நகருங்கள், அந்த ஒலி கிடைத்துவிடும். வேகமாகப் பேசுகிறவர் ‘ஷீப்’பைக் குறுக்கிவிட்டாலும் அது ‘ஷிப்’ ஆகாது. முழுமையைக் குறிக்கும் ‘ஃபுல்’, முட்டாளைக் குறிக்கும் ‘ஃபூல்’ இவற்றுக்கும் இதே கதைதான்.

கேள்வி: இலை என்னும் ‘லீஃப்’, புறப்படு என்னும் ‘லீவ்’ இரண்டிலும் ‘ஈ’தானே? முதலாவது குறுகி ஒலிப்பதுபோல் தோன்றுவது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை, உங்களுக்கு அருமையான காது! தொண்டையில் விரலை வைத்து இரண்டு சொற்களின் கடைசி மெய்யையும் நீட்டிச் சொல்லுங்கள். ‘வ்’ அதிரும், ‘ஃப்’ அதிராது. அதிராத மெய் வந்தால் அதற்கு முந்தைய உயிர் குறுகிவிடும். பனிக்கட்டியும் கண்களும் நம் எழுத்தில் ஒரே ‘ஐஸ்’தான்; ஆங்கிலத்தில் கண்களின் ‘ஐ’ நீளம், ஏனெனில் அதன் இறுதி ஒலி அதிர்கிறது. நீளத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: ‘டைம்’ (time) என்ற சொல்லில் இருப்பது ‘நெடில் ஐ’ (long i) என்று மகளின் பாடநூல் சொல்கிறது. அங்கே ‘ஈ’ எங்கே இருக்கிறது?

பதில்: ஒரு காலத்தில் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் முதலசை ‘டீ’ என்றே ஒலித்தது. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஆங்கில நெடில்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கியபின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. ஒலியோ ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளியில் சொல்லும் ‘நெடில்’ அந்தப் பழைய நிலைக்கு வைத்த பெயர். குழந்தைக்கு “எழுத்து தன் பெயரையே சொல்கிறது” என்று விளக்குங்கள், போதும்.

கேள்வி: சொல்லின் இறுதியில் ‘இ’ (e) என்ற ஆங்கில எழுத்து வந்தால் முந்தைய உயிர் நெடில் என்பதை நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் நம்பலாம். ‘ஹாப்’ என்பதோடு அந்த எழுத்தைச் சேர்த்தால் ‘ஹோப்’. ஆனால் ‘கிவ்’, ‘லவ்’, ‘ஹேவ்’ ஆகியவற்றில் அது நீட்டுவதற்காக வரவில்லை. ‘வி’ என்ற எழுத்தில் சொல்லை முடிப்பது ஆங்கில வழக்கம் அன்று; அதற்காகவே சேர்த்தார்கள்.

கேள்வி: இரண்டு ‘ஓ’ சேர்ந்து வந்தால்?

பதில்: உணவு ‘ஃபூட்’, பாதம் ‘ஃபுட்’, இரத்தம் ‘ப்ளட்’. ‘கே’ எழுத்துக்கு முன் பெரும்பாலும் குறில்: ‘புக்’, ‘லுக்’, ‘குக்’. மற்றவற்றுக்கு அகராதிதான் துணை. பல அகராதிகளில் உயிரொலிக் குறியை அடுத்து முக்காற்புள்ளி போன்ற ஓர் அடையாளம் இருந்தால் அது நெடில்.